ஒக்டோபர் முப்பது, ஜோன் தலோன் தெரு

கோழி வாட்டும் அடுப்புக்கு மேலே
எண்ணெய்ப் புகை படிந்த சின்னத் தொலைக்காட்சி.
பத்தரை மணி.
ஐம்பதைத் தொட ஏதோ ஒரு தசமம் குறைய
கியூபெக் நாடாகாமல் நின்றுவிட்டது.

ரெஜான் ஏப்ரனைக் கழற்றி மேசையில் வைத்தான்.
காலையிலிருந்து நீலக்கொடி ஒன்றைச் சட்டைப்பையில்
கைலேஞ்சி போல மடித்து வைத்திருந்தவன்,
இப்போது அதனாலேயே முகத்தைத் துடைத்தான்.
பாவமாக இருந்தது. சிரிப்பும் வந்தது.

பிறகு அந்தக் குரல்.
தோற்கடித்தது பணமும் இனத்தாரின் வாக்குகளும் என்றது.
கழுவி முடித்த தட்டையே
நான் கழுவிக்கொண்டு நின்றேன்.
ரெஜான் திரும்பினான்.
"உன்னைச் சொல்லவில்லை, குகா.
உன்னை எனக்குத் தெரியும்."

இந்த வசனம் எனக்குப் புதிதல்ல,
பிரெஞ்சில்தான் புதிது.
ஐந்து வருடத்துக்கு முன்னால், இதே தேதியில்,
ஐந்து சந்தியில்,
சைக்கிளை விட்டு இறங்காமல் ஒரு காலை ஊன்றியபடி
எனக்குச் சேர்ட் தைக்கிற மனிசனிடம்
நானே சொல்லியிருக்கிறேன்:
"உங்களைச் சொல்லேல்லை, நானா."

அவர் கையில் ஒரு பை.
கழுத்தில் அளவுநாடா, கழற்ற மறந்திருந்தார்.
பக்கத்தில் ஒரு சிறுமியின் தோட்டைக்
கழற்றிக்கொண்டிருந்தார்கள்,
கவனமாக, காது நோகாமல்.
எனக்கு ரியூசனுக்கு நேரமாகிவிட்டது.

அடுத்த மாதம் அவர்களின் சாமான்கள் விலைக்கு வந்தன.
அப்பா ஒரு மேசைவிசிறி வாங்கினார்,
கரண்ட் இல்லாத ஊரில்.
மலிவு என்றார்.

நிஸ்தார் சோனகத் தெருக்காரன்.
இதே தொட்டியின் மறுபக்கம் நிற்கிறான்.
நாலு மாதமாக இருவருக்கும் ஒரே நுரை.
விசிறியைப் பற்றி இன்னும் சொல்லவில்லை.

"எங்களை என்னெண்டு நினைச்சிட்டாங்கள்?" என்றேன்.
"எந்த எங்களை?" என்றான்,
தட்டை நீட்டியபடி.

எங்கள் பேச்சில் நாம் இல்லை.
எல்லாவற்றுக்கும் நாங்கள்தான்.
கேட்கிறவனும் அதற்குள் இருக்கிறானா என்பதை
அவனாக அறிந்துகொள்ள வேண்டும்.
மேடையில் மட்டும் நாம் என்பார்கள்.
ஒலிபெருக்கியில் அது நல்லாய்த்தான் இருக்கும்.

அவன் ஆமென்று போட்டானாம்.
நான் நம்பவில்லை.
"தனிநாடு வேணுமோ எண்டு
என்னட்டயும் ஒருத்தன் கேட்டான்.
கடதாசியும் பென்சிலும் தந்து
மறைப்புக்குள்ள தனிய விட்டான்.
அதுக்காகப் போட்டன்."
நாடியால் தொலைக்காட்சியைக் காட்டினான்.
"இப்ப நான்தானாம் தோற்கடிச்சது."
ரெஜானுக்கு மொழிபெயர்க்க வாய் திறந்தேன்.
வேண்டாம் என்று தலையாட்டினான்.

நள்ளிரவுக்குக் கொஞ்சம் முன்னால்
சுவர்த் தொலைபேசி.
ரொறன்ரோவிலிருந்து அக்கா.
ஊர் வெளிக்கிட்டுவிட்டதாம்.
வலிகாமம் முழுக்க, ஒரே இரவில், மழைக்குள்.
ஒலிபெருக்கி கட்டிச் சொன்னார்களாம்.
செம்மணி வீதியில் கால் வைக்க இடமில்லையாம்.
அம்மா எங்கே, தெரியாதாம். அப்பா
என்று தொடங்கியவள் அழுததில்
மிச்சம் விளங்கவில்லை.

நிஸ்தார் கையைத் துடைத்தான், விரல் விரலாக.
நான் எதையோ எதிர்பார்த்து நின்றேன்.
ஒரு ஏச்சை. இல்லாவிட்டால் ஒரு துஆவை.
அவன் கேட்டது இதுதான்:
"எவ்வளவு நேரம் குடுத்தவங்களாம்?"

தெரியாது என்றேன்.
தன் கணக்கை அவன் சொல்லவில்லை.
இரண்டு மணித்தியாலம் என்று
எனக்குத் தெரியும் என்பது
அவனுக்கும் தெரிந்திருக்கும்.
"நீ போ. உன்ர தட்டையும் நான் பாக்கிறன்."

பின்கதவால் இறங்கினேன்.
ஜோன் தலோனில் கார்கள் ஹோன் அடித்துக்கொண்டு போயின,
வென்றவர்களோ தோற்றவர்களோ.
பஸ் தரிப்பில் நிற்கும்போதுதான் யோசனை வந்தது:
அந்த மேசைவிசிறியை
அப்பா தூக்கிக்கொண்டு நடக்கிறாரா,
விட்டுவிட்டு வந்தாரா?